எத்தனை தலையணை? – சுற்றோட்டப் பாடத்தைச் செவிலியரின் கண்ணால் கற்பித்தல்

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'தாவரங்களின் கடத்துதல் மற்றும் விலங்குகளின் சுற்றோட்டம்' எனக்கு மிகவும் பிடித்த பாடம். கரும்பலகையை முழுதாகத் துடைத்துவிட்டு, சிவப்புச் சாக்பீஸாலும் நீலச் சாக்பீஸாலும் இதயத்தைப் பெரிதாக வரைவேன். நான்கு அறைகள், ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு, அம்புக்குறிகள். மாணவர்கள் அப்படியே நோட்டில் வரைந்துகொள்வார்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக வந்தால் சிந்தாமல் சிதறாமல் எழுதிவிடுவார்கள். பாடம் நன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கையை உடைத்தவள் ஒரு மாணவி. நான் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில் என் வகுப்பில் படித்தாள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பாதியிலேயே படியில் உட்கார்ந்துவிடுவாள். மாடி வகுப்புக்கு எல்லோரும் வந்து அமர்ந்த பிறகு, கைப்பிடியைப் பிடித்தபடி கடைசியாக வருவாள். விளையாட்டுப் பாடவேளையில் மரத்தடிதான் அவள் இடம். அதற்கு முந்தைய ஆண்டு முழங்கால் வலிக்கிறது என்றாள். சில நாள் கழித்துக் கணுக்கால் என்றாள், பிறகு மணிக்கட்டு என்றாள். 'வளர்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்' என்று நான்தான் சொன்னேன். படியில் உட்கார்வதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்ததும் நான்தான்.

ஒருநாள் பள்ளிச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வந்தது. அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த மருத்துவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நாளா மூச்சு வாங்குது டீச்சர்?" என்று கேட்டார். நான் வகுப்பாசிரியர். என்னிடம் பதில் இல்லை.

அவளுடைய ஈரிதழ் வால்வு சுருங்கிப் போயிருந்தது. அதே வால்வை நான் கரும்பலகையில் வரைந்து பெயர் குறித்துக்கொண்டிருந்த நாளிலும் அவள் மூன்றாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு இந்தப் பாடத்தை என்னால் பழைய முறையில் நடத்த முடியவில்லை. இப்போது எங்கள் கண்டரமாணிக்கத்தில் இதை ஐந்து பாடவேளைகளாகப் பிரித்து, ஒரு செவிலியர் நோயாளியை மதிப்பிடும் வரிசையில் நடத்துகிறேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே பகிர்கிறேன்.

செவிலியரின் வரிசை

எங்கள் அழைப்பை ஏற்று ஒரு செவிலியர் வகுப்புக்கு வந்தார். "கருவியெல்லாம் கடைசி டீச்சர். முதல்ல வாயும் கண்ணும் கையும்தான்" என்று தொடங்கினார். செவிலியக் கல்வியில் முதலில் நோயாளியின் வரலாற்றைக் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். அடுத்து பார்த்தறிதல், தொட்டறிதல், தட்டியறிதல், ஒலி கேட்டறிதல் என்று நான்கு படிகளில் உடலைச் சோதிக்கிறார்கள். வகுப்பறைக்கு ஏற்றபடி தட்டியறிதலை விட்டுவிட்டு, எண்ணுதலைச் சேர்த்துக்கொண்டேன். கேள், பார், தொடு, எண்ணு, ஒலி கேள். இந்த ஐந்து சொற்களே என் ஐந்து பாடவேளைகள்.

முதல் பாடவேளை: கேள்

இதயம் களைத்துப்போனால் அது பெரும்பாலும் நெஞ்சில் இருந்து பேசுவதில்லை. மூச்சில் பேசும், காலில் பேசும், தூக்கத்தில் பேசும். ஆகவே செவிலியர் கேட்கும் கேள்விகள் அன்றாட வாழ்க்கையைப் பற்றியவை. மாணவர்கள் வீட்டில் உள்ள ஒரு பெரியவரிடம் கேட்டு வருவதற்கு ஐந்து கேள்விகள் கொடுத்தேன்.

1. போன வருடம் நிற்காமல் நடந்த தூரத்தை இப்போதும் நிற்காமல் நடக்க முடிகிறதா?
2. படுக்கும்போது எத்தனை தலையணை வைத்துக்கொள்கிறீர்கள்?
3. நடு இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்ததுண்டா?
4. சாயங்காலம் ஆனால் செருப்போ கொலுசோ இறுக்குகிறதா?
5. இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நடுவில் நிறுத்தினீர்களா?

இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் வகுப்பு சிரித்தது. இதயத்துக்கும் தலையணைக்கும் என்ன சம்பந்தம்? விடையைச் சொல்லாமல், கரும்பலகையில் இருந்த படத்தைப் பின்னோக்கிப் படிக்கச் சொன்னேன். இடது வெண்ட்ரிக்கிள் பலவீனமானால் இரத்தம் எங்கே தேங்கும்? இடது ஆரிக்கிளில். அதற்கும் பின்னால்? நுரையீரல் சிரைகளில், நுரையீரலில். படுத்தவுடன் கால்களில் இருந்த இரத்தமும் நெஞ்சை நோக்கித் திரும்பி வருகிறது. வருகிற இரத்தம் அத்தனையையும் தள்ள முடியாத இதயத்துக்குப் பின்னால், நுரையீரல் தந்துகிகளில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. மூச்சு முட்டுகிறது. எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது. எனவே ஒரு தலையணை இரண்டாகிறது, இரண்டு மூன்றாகிறது. செவிலியர் அந்த எண்ணிக்கையை நோயாளியின் அட்டையில் குறித்துக்கொள்கிறார்.

வலது பக்கம் பலவீனமானால்? "உடம்பெல்லாம் தேங்கும் டீச்சர்" என்றான் ஒரு மாணவன். "நிக்கும்போது தண்ணி கீழதான இறங்கும். அப்ப காலு வீங்கும்." நாலாவது கேள்விக்கு அவனே விளக்கம் சொல்லிவிட்டான். அம்புக்குறிகளை முன்னோக்கிப் படித்தால் உடற்செயலியல், பின்னோக்கிப் படித்தால் நோய்க்குறி. இத்தனை ஆண்டுகள் நான் ஒரு பக்கமாக மட்டுமே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் ஒரு மாணவி கொண்டுவந்த பதில் எங்கள் கேள்வியையே திருத்தியது.

"எங்க அப்பத்தா தலகாணியே வைக்கிறதில்ல டீச்சர்."

"அப்ப மூச்சு முட்டல் இல்லைன்னு எழுதிக்க."

"இல்ல டீச்சர். அது படுக்கிறதே இல்ல. தூண்ல சாஞ்சு உக்காந்துதான் தூங்கும்."

தலையணை பூஜ்யம் என்று எழுதியிருந்தால் அந்த அப்பத்தா நலமாக இருப்பதாகக் கணக்காகியிருக்கும். செவிலியரிடம் சொன்னபோது, "இதுக்குத்தான் கேள்வியை வீட்டுக்குத் தகுந்த மாதிரி கேக்கணும்" என்றார். இப்போது எங்கள் இரண்டாவது கேள்வி இதுதான்: 'நீங்கள் தட்டையாகப் படுத்துத் தூங்குகிறீர்களா, சாய்ந்து தூங்குகிறீர்களா?'

அந்த அப்பத்தா ஐந்தாவது கேள்விக்கும் பதில் வைத்திருந்தார். 'உடம்பு நல்லாத்தான் இருக்கு' என்று இரத்த அழுத்த மாத்திரையைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தியிருந்தார். மாத்திரை சாப்பிட்டதால்தான் நன்றாக இருந்தது என்பதை யாரும் அவருக்கு விளக்கியிருக்கவில்லை. பேத்தி நச்சரித்ததால் மருத்துவமனைக்குப் போனார்கள். இதயம் பலவீனமாகியிருப்பதாகச் சொல்லி சிகிச்சை தொடங்கினார்கள். இப்போது அவர் படுத்துத் தூங்குகிறார் என்பது மாணவி தந்த கடைசித் தகவல்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை தருகிறார்கள். உங்கள் மாணவர்களுக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். வாசலில் வந்து நிற்கும் அந்தச் சகோதரி யார் என்று பலருக்குத் தெரியாது.

இரண்டாம் பாடவேளை: பார்

இங்கே கருவி எதுவும் வேண்டாம். வெளிச்சம் போதும். சன்னலோரம் இருவர் இருவராக நிற்க வைத்தேன்.

முதலில் கீழ் இமையின் உட்புறம். அது வெளுத்திருந்தால் இரத்தசோகை இருக்கலாம். ஹீமோகுளோபின் குறைந்தால் ஆக்ஸிஜன் சுமப்பது குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும் வளரிளம் பெண்களில் பலருக்கு இதயத்தில் கோளாறு இருக்காது, இரத்தத்தில்தான் குறை இருக்கும். வாரந்தோறும் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியாக எறிபவர்களுக்கு இந்தப் பாடவேளையில்தான் காரணம் புரிகிறது.

அடுத்து நிறம். ஆக்ஸிஜன் குறைந்தால் உடல் நீலம்பூக்கும் என்று படிக்கிறோம். நம் பிள்ளைகளின் மாநிறத் தோலில் அந்த நீலத்தைத் தேடினால் கிடைக்காது. நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் பார்க்க வேண்டும் என்பது செவிலியர் சொன்ன நுணுக்கம்.

பிறகு விரல்கள். இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் நகத்தோடு நகம் ஒட்டுமாறு முதுகுப்புறமாகச் சேர்த்து வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னேன். நகங்களுக்கு அடிப்பகுதியில் சிறிய சாய்சதுர இடைவெளி தெரியும். நீண்டகால இதய, நுரையீரல் நோய்கள் சிலவற்றில் விரல் நுனி பருத்து அந்த இடைவெளி மறைந்துவிடும். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ரோத் தமக்கு இதய உட்சவ்வில் தொற்று வந்தபோது தம் விரல்களிலேயே இதைக் கவனித்து 1976இல் எழுதினார். நோயாளியாகப் படுத்திருந்தபோதும் அவர் கவனிப்பதை நிறுத்தவில்லை. இதைச் சொன்னதும் வகுப்பே விரல்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் பாடவேளை: தொடு

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நாடி பார்ப்பது புதிதல்ல. சித்த மருத்துவத்தில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் என்று பார்க்கிறார்கள். செவிலியரும் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இதே விரல்களைத்தான் வைக்கிறார். வேகம், சீர், வலு ஆகிய மூன்றையும் கவனிக்கிறார். கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது. அதிலேயே வலுவான துடிப்பு இருப்பதால், நம் நாடியையே நோயாளியின் நாடி என்று எண்ணிவிடுவோம்.

அடுத்து தந்துகிகளைப் பார்க்கும் சோதனை. கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, ஒரு விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விட வேண்டும். வெளுத்த நகம் சுமார் 2 விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். தாமதமானால் விரல் நுனி வரை இரத்தம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று பொருள் கொள்ளலாம். ஆனால் குளிர்ந்த நீரில் கை நனைத்தாலும் தாமதமாகும். ஒரு மாணவனை அப்படிச் செய்ய வைத்து, 'ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவு கட்டக் கூடாது' என்பதை அவர்களே சொல்லுமாறு விட்டேன்.

கால் வீக்கத்துக்கு, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் விரலால் சில விநாடி அழுத்த வேண்டும். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தால் அங்கே நீர் கோத்திருக்கிறது.

சிரைகளில் வால்வு இருப்பதைக் காட்ட, வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் படத்தோடு விளக்கிய சோதனையே போதும். மேற்கையில் துணியை மிதமாகக் கட்டினால் முன்கையில் சிரைகள் புடைக்கும். புடைத்த சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் மேல்நோக்கி நீவி, அடுத்த முடிச்சைத் தாண்டியதும் அந்த விரலை எடுக்க வேண்டும். இடைப்பட்ட பகுதி வெறுமையாகவே இருக்கும். மேலே உள்ள இரத்தம் கீழே இறங்காது. அழுத்திய விரலை எடுத்தால் கீழிருந்து நிரம்பும். ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டை விட்டுவைக்கக் கூடாது. "நம்ம வீட்டு நிலைக்கதவு மாதிரி, ஒரு பக்கமாத்தான் திறக்கும்" என்றாள் ஒரு மாணவி. அந்தக் கதவை அடுத்த பாடவேளைகளிலும் விடாமல் பயன்படுத்திக்கொண்டேன்.

தொட்டறிதலுக்கு இரண்டு பெண் மருத்துவர்களை அறிமுகம் செய்தேன். அமெரிக்காவின் ஹெலன் டாசிக் செவித்திறன் குறைந்தவர். குழந்தைகளின் நெஞ்சில் விரல்களை வைத்து, இதய முணுமுணுப்பின் அதிர்வை உணர்ந்தார். நீலம்பூத்துப் பிறக்கும் குழந்தைகளுக்காக 1944இல் செய்யப்பட்ட புகழ்பெற்ற அறுவை சிகிச்சைக்கு வித்திட்டவர் அவர். அவரிடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயின்றவர், 1917இல் பர்மாவில் பிறந்த சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி. இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து வெளியேறி அவர் குடும்பம் கோயம்புத்தூருக்கு வந்தது. பிற்காலத்தில் இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் என்று போற்றப்பட்டார். 103 வயது வரை வாழ்ந்து 2020இல் மறைந்தார். எங்கள் வகுப்பில் காது கருவி அணிந்த மாணவி ஒருத்தி இருந்தாள். டாசிக்கின் பெயரை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டவள் அவள்தான்.

நான்காம் பாடவேளை: எண்ணு

ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, அவரவர் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணச் செய்தேன். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது எளிதுதான். ஆனால் துடிப்பு சீரற்று இருந்தால் அந்த வழி ஏமாற்றிவிடும். ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. பிறகு நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் ஓட்டம். நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி, பழைய நிலைக்கு வரும் வரை வரைபடத்தாளில் குறித்தார்கள். உடற்பயிற்சியில் பழகிய இதயம் பொதுவாகச் சீக்கிரம் அமைதியடையும். கபடி அணியினர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். மூச்சு வாங்கும் பிள்ளைகளையும், ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களையும் ஓட விடாமல் நேரக் காப்பாளர்களாக அமர்த்துங்கள்.

ஒரு மாணவனுக்கு 104 வந்தது. முகம் வாடிவிட்டது. செவிலியர் அவன் அருகில் உட்கார்ந்து வேறு பேச்சுக் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்து எண்ணினால் 88. "பயந்தாலே ஏறும் தம்பி. அதனாலதான் ஒருதடவை பாத்துட்டு நாங்க எதையும் முடிவு பண்றதில்ல" என்றார்.

கணக்கும் இங்கே சேர்ந்துகொள்கிறது. இதயம் ஒரு துடிப்பில் சுமார் 70 மில்லி இரத்தத்தைத் தள்ளுகிறது. 72 துடிப்புக்கு 5,040 மில்லி, அதாவது நிமிடத்துக்கு ஐந்து லிட்டர். 15 லிட்டர் குடம் என்றால் மூன்று நிமிடத்தில் ஒரு குடம், ஒரு மணி நேரத்தில் 20 குடம், ஒரு நாளில் 480 குடம். "இவ்வளவு இரத்தமும் தினமும் புதிதாக ஊறுமா?" என்று கேட்டேன். அவ்வளவு சோறு யாராலும் சாப்பிட முடியாது என்றார்கள். அப்படியானால் அதே இரத்தம்தான் சுற்றி வர வேண்டும். ஹார்வி சுற்றோட்டத்தை நிறுவியதும் இந்த வகைக் கணக்கால்தான். குடத்தை வைத்து எங்கள் பிள்ளைகளும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள்.

இரத்த அழுத்தத்தையும் இங்கேயே அளந்து காட்டினோம். ஐந்து நிமிடம் ஓய்வு, முதுகுக்குச் சாய்வு, கை இதயத்தின் உயரத்தில், கைப்பட்டை துணியின் மேல் அல்லாமல் தோலின் மேல், அளக்கும்போது பேச்சு இல்லை, அதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ இல்லை. இந்த ஒழுங்குகள் தவறினால் எண்ணும் தவறும். பெரியவர்களுக்கு 120/80க்குக் கீழ் இயல்பு. வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர் இரத்த அழுத்தம். சிறுவர்களுக்கான அளவு வயதையும் உயரத்தையும் பொறுத்து மாறும். ஆகவே ஆசிரியர் ஒருவரின் கையில் மட்டுமே அளந்து காட்டினோம். அந்த ஆசிரியர் நான்தான். மேல் எண் 138 வந்தது. மறுவாரமே நான் பரிசோதனைக்குப் போனேன் என்பதையும் மாணவர்களிடம் சொன்னேன்.

ஐந்தாம் பாடவேளை: ஒலி கேள்

1816இல் பாரிஸில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர், ஒரு பெண் நோயாளியின் நெஞ்சில் நேரடியாகக் காது வைத்துக் கேட்கத் தயங்கி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். அதுவே ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம். மாணவர்கள் பழைய வரைபடத் தாளைச் சுருட்டி, தன் பாலின நண்பர் ஒருவரின் முதுகில் வைத்துக் கேட்டார்கள். பிறகு புனலையும் ரப்பர் குழாயையும் இணைத்துத் தங்கள் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டார்கள். 'லப்' என்பது ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடும் ஓசை. 'டப்' என்பது அரைச்சந்திர வால்வுகள் மூடும் ஓசை. 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரட்காஃப், கைப்பட்டைக்குக் கீழே தமனியில் ஓசை தொடங்கும் இடத்தையும் மறையும் இடத்தையும் வைத்து இரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களையும் காணும் முறையைச் சொன்னார்.

நிலைக்கதவு முழுதாகத் திறக்காவிட்டால்? இடுக்கு வழியாகக் காற்று சீறுவதுபோல இரத்தம் சத்தமிட்டுப் போகும். முழுதாக மூடாவிட்டால்? பின்னால் கசியும். அந்தக் கூடுதல் ஓசைதான் முணுமுணுப்பு. நலமாக இருக்கும் சில குழந்தைகளுக்கும் தீங்கற்ற முணுமுணுப்பு கேட்கும் என்பதால், அதைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை.

இந்த இடத்தில்தான் அந்த மாணவியைப் பற்றிப் பெயர் சொல்லாமல் பேசுவேன்.

தொண்டை வலியில் தொடங்கும் கதை

ஐந்து முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைத் தொற்றைச் சரியாகக் குணப்படுத்தாவிட்டால், சிலருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்து வாதக் காய்ச்சல் வரலாம். கிருமியை எதிர்க்கும் உடலின் பாதுகாப்பு அமைப்பு தன் சொந்தத் திசுக்களையே தாக்குகிறது. காய்ச்சலோடு பெரிய மூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கி வலிக்கும். முழங்கால் சரியாகும்போது கணுக்காலில் தொடங்கும். மூட்டு வலி தடமில்லாமல் போய்விடும். ஆனால் இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. ஆண்டுகள் செல்லச் செல்ல வால்வு தடித்துச் சுருங்கும்.

என் மாணவி முழங்கால் என்றும் கணுக்கால் என்றும் மணிக்கட்டு என்றும் சொன்னது இதைத்தான். வரிசை மாறாமல் சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

2013இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தின்கீழ், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்கிறார்கள். பிறவி இதயக் குறைபாடும் வாதக் காய்ச்சலால் வரும் இதய நோயும் அந்தப் பட்டியலில் உள்ளன. குழு பள்ளிக்கு வரும் நாள் ஆண்டில் மிகச் சில. நாம் அந்தப் பிள்ளைகளோடு இருப்பது 200 நாள்களுக்கு மேல். குழு வரும் நாளில், 'இவன் விளையாடும்போது உட்கார்ந்துவிடுகிறான்', 'இவள் இருமுறை மயங்கினாள்' என்று எழுதிவைத்த ஒரு தாளை நீட்டினால், மருத்துவரின் சில நிமிடங்கள் சரியான இடத்தில் செலவாகும். இப்போது என் மேசையில் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது.

அவளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், இரத்தக்குழாய் வழியே பலூனைச் செலுத்தி வால்வை விரித்தார்கள். அதோடு முடியவில்லை. மீண்டும் தொற்று வராமலிருக்க 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு. ஊசி வலிக்கும். அன்று பள்ளிக்கு வர முடியாமல் போகும். தேர்வு நாளாக இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடத் தோன்றும். அந்த இடத்தில் ஆசிரியர் செய்யக்கூடியது உண்டு. அவளுடைய ஊசி நாள்களை என் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். அந்த நாளில் சிறுதேர்வு வைக்கவில்லை. முந்தின நாள் மாலை மெதுவாக நினைவூட்டுவேன். எதற்காக விடுப்பு என்று மற்றவர் முன் கேட்டதில்லை.

உடனே செயல்பட வேண்டிய அறிகுறிகள்

பாடத்தின் முடிவில் மாணவர்கள் ஒரு சுவரொட்டி தயாரித்தார்கள். கீழ்க்காண்பவை தென்பட்டால் காத்திருக்காமல் 108:

• நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம். அது தோள், இடக்கை, தாடை, முதுகுக்குப் பரவுதல். குளிர்ந்த வியர்வை.
• சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல்.
• ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுதல்.
• உதடும் நாக்கும் நீலம்பூத்தல்.

முதல் வரிக்குக் கீழே மாணவர்களே ஒன்று சேர்த்தார்கள்: 'வாயு என்று சொல்லிச் சோடா குடித்துக் காத்திருக்காதே.' பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் களைப்பு, குமட்டல், மூச்சு வாங்குதல் என்று மட்டும் மாரடைப்பு வருவதுண்டு. 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய முதல்கட்ட மருந்துகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பெரிய மருத்துவமனை தொலைவில் உள்ள எங்களைப் போன்ற ஊர்களுக்கு இது முக்கியமான செய்தி. எந்த மருந்து யாருக்கு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். நம் வேலை நேரத்தை வீணாக்காமல் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது.

ஆசிரிய நண்பர்கள் கவனத்துக்கு

நாம் நோயைக் கண்டறிவதில்லை. கவனிக்கிறோம், குறிக்கிறோம், உரியவரிடம் சொல்கிறோம். எந்த மாணவரிடமும் 'உனக்கு இதய நோய்' என்று சொல்லிவிடக் கூடாது. ஐயம் இருந்தால் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் தனியாகப் பேசுங்கள்.

தொட்டறிதல் செயல்பாடுகளைத் தன் கையிலோ, விருப்பமுள்ள தன் பாலின நண்பரின் கையிலோ மட்டும் செய்ய விடுங்கள். யாருடைய அளவையும் கரும்பலகையில் எழுதாதீர்கள். வீட்டில் கேட்ட பதில்களை வகுப்பில் சொல்வது மாணவரின் விருப்பம்.

மதிப்பீட்டுக்கு, 'இதயத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறி' என்பதோடு இவற்றையும் சேர்த்துப் பாருங்கள்:

1. ஒருவருக்குச் சாயங்காலம் கால் வீங்குகிறது. அம்புக்குறிகளைப் பின்னோக்கிப் பின்தொடர்ந்து, இதயத்தின் எந்தப் பக்கம் பலவீனமாக இருக்கலாம் என்று விளக்குக. இதயம் அல்லாத வேறு காரணமும் இருக்க முடியுமா?
2. நாடியைக் கட்டைவிரலால் பார்த்தால் என்ன தவறு நேரும்?
3. ஈரிதழ் வால்வு சுருங்கினால் மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது ஏன்?

மூன்றாவது வினாவுக்கு மதிப்பெண் திட்டத்தில் இல்லாத நல்ல விடைகள் பல வரும். என் வகுப்பில் மெல்லக் கற்கும் மாணவர் என்று நாங்கள் பிரித்து வைத்திருந்த ஒருவன், நிலைக்கதவையும் திருவிழாக் கூட்டத்தையும் வைத்து எழுதிய விடையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இதயத்தின் படத்தை இப்போதும் கரும்பலகையில் பெரிதாகத்தான் வரைகிறேன். வரையத் திரும்புவதற்கு முன், மாடி ஏறி வந்த பிள்ளைகளின் மூச்சு அடங்கிவிட்டதா என்று ஒருமுறை வகுப்பைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த மாணவி கல்லூரியை முடித்துவிட்டாள். ஊசி தொடர்கிறது. எப்போதாவது தொலைபேசியில் பேசுவாள். அன்று அவளிடம் நான் கேட்கத் தவறிய கேள்வியைத்தான் இன்றும் முதலில் கேட்கிறேன்: "மாடி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?"